உள்ளே விட்ட துணி

சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் ஒரு சின்னத் தையல்கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டுமேசை, மூலையில் ரசம் போன நிலைக்கண்ணாடி. கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு பழைய நீள நோட்டு உண்டு. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். என் பக்கத்தில் என் பெயர்கூடக் கிடையாது, 'தறிக்காரர் மகன்' என்றுதான் எழுதியிருப்பார். அதற்குக் கீழே தேதி போட்டு அளவுகள். இடுப்பளவை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் இப்படி வரும்: 2010-ல் 32. 2013-ல் 36. 2015-ல் 40. 2017-ல் 33. 2022-ல் 35.

33-க்கும் 35-க்கும் நடுவில் ஒரு 39 இருந்தது. அது நோட்டில் இல்லை. அந்த வருஷங்களில் பேன்ட் எல்லாம் ஆன்லைனில் வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியின் டேப் என் இடுப்பைச் சுற்றக் கூடாது என்பதற்காக ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன்.

"எப்படிக் குறைச்சீங்க?" என்று என்னிடம் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள், ரயிலில் கேட்டிருக்கிறார்கள், ஒரு துக்கவீட்டில்கூட ஒருவர் காதோரம் வந்து கேட்டார். "எப்படி அப்படியே வச்சிருக்கீங்க?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

2010-ல் இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்குப் போகும்போது 68 கிலோ. சோழிங்கநல்லூரில் வேலை, அமெரிக்க கிளையன்ட். அவர்களுக்குப் பொழுது விடிகிற நேரத்தில் எங்களுக்குக் கால் ஆரம்பிக்கும். ராத்திரி பதினொன்றரைக்குக் கேப் ஏறுவதற்கு முன்னால் பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். காலையில் பதினொரு மணிக்கு எழுந்தால் முதல் சாப்பாடே மதியச் சாப்பாடு. ஐந்து வருஷத்தில் 97 கிலோ. என் உயரம் 173 செமீ.

2014-ஐ ஒட்டித் தமிழில் ஒரு பேலியோ அலை அடித்தது, நினைவிருக்கலாம். நியாண்டர் செல்வன் எழுதியவற்றைப் படித்துவிட்டு ஃபேஸ்புக்கில் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்தவுடன் முதலில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் போடச் சொல்வார்கள். பாதாம், பட்டர் டீ, முட்டை, பனீர் என்று நடுத்தர வீட்டுச் சமையலறைக்குள் புதுச் சொற்கள் வந்தன. நான் 2016 அக்டோபரில் தொடங்கினேன். எட்டு மாதத்தில் 26 கிலோ குறைந்து 71-ல் நின்றேன்.

உண்மையைச் சொன்னால் அந்த எட்டு மாதம் கஷ்டமாகவே இல்லை. வாராவாரம் முள் இறங்கும். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடுவேன். முன், பின் என்று இரண்டு படத்தை ஒட்டிப் போட்டேன், அறுநூறு லைக். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாம் இன்பாக்ஸில் வந்து "மச்சான், டயட் சார்ட் அனுப்பு" என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதிலோ ஜெயித்தவன்.

2017 ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்தேன். தெற்கு ரதவீதியில் ஒரே ஜனம். கோமதியம்மன் தபசு மண்டபத்தில் நிற்க, சங்கரநாராயணர் பாதி சிவனும் பாதி திருமாலுமாக வந்து காட்சி கொடுக்கிற நாள். எனக்கு என்னவோ நானே சப்பரத்தில் வருவதுபோலத்தான் இருந்தது. இளவட்டங்கள் "எப்படிண்ணே?" என்றார்கள். பெரியவர்கள் "சுகர் வந்துட்டா?" என்றார்கள். எங்கள் பக்கம் ஒருவன் மெலிந்தால் காரணம் இரண்டுதான்: சீக்கு, இல்லையென்றால் காதல் தோல்வி. அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "முகமே ஒடுங்கிப்போச்சேய்யா. அரிசிச் சோறு திங்காம ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இருப்பான்?" என்றாள்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு விசைத்தறி வைத்திருந்தவர். வாழ்நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றவர். வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டே "மூணாவது தறியில இழை அறுந்துட்டு, போய்ப் பாரு" என்று சொல்வார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். அன்று ராத்திரி தபசு பார்த்துவிட்டு நடந்து வரும்போது என் பின்னால் வந்தவர், "மாடிப்படி ஏறும்போது உன் சத்தம் குறைஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஏழு பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். அண்ணாச்சி டேப்பைச் சுற்றி, நோட்டில் 33 என்று எழுதி, பேன்ட்டைப் புரட்டிப் பின் தையலைக் காட்டினார். "பிடிச்சுத் தந்துருதேன். உள்ள ரெண்டு இஞ்சு துணி கிடக்கும். விடவா, வெட்டவா?"

"வெட்டிருங்கண்ணாச்சி. இனி அது தேவைப்படாது."

"கிடக்கட்டுமே தம்பி. உள்ள கிடக்கிற துணி சோறா கேக்கப் போவுது?"

நான் கேட்கவில்லை. வெட்டச் சொன்னேன்.

*

எடை எந்த நாளில் திரும்பத் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கரண்டி சோறு திரும்ப வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச். 74 ஆனபோது கவலைப்படவில்லை. 79 ஆனபோது, "எனக்குத்தான் வழி தெரியுமே, ஒரே மாசத்துல இறக்கிருவேன்" என்றேன். அந்த 'வழி தெரியும்' என்ற தைரியந்தான் என்னைக் கவிழ்த்தது. 82-ல் எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். 2019 நடுவில் ஒரு மருத்துவப் பரிசோதனையில் வேறு வழியில்லாமல் ஏறி நின்றபோது 94.

குறை அந்த உணவுமுறையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இருந்தவரை அது வேலை செய்தது. அது முடிந்த பிறகு என்ன என்று நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். கூடவே ஒரு பசி. 97 கிலோவில் இருந்தபோது எனக்கு அப்படிப் பசித்ததே கிடையாது. வயிறு நிறைந்த பிறகும் தலைக்குள் பசிக்கும். கோட் ரிவ்யூ பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்முன் சால்னா மிதக்கும். பக்கத்து இருக்கைக்காரர் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்கும். எனக்கு ஒழுக்கம் போய்விட்டது என்றுதான் முடிவுக்கு வந்தேன். ஃபேஸ்புக் வேறு வருஷாவருஷம் அந்த முன், பின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து 'இந்த நாளில்' என்று காட்டும். ஜாதகத்தோடு பெண்வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததும் அதே பின் படந்தான்.

2018 தபசுக்கு ரிலீஸ் என்று பொய் சொன்னேன். 2019 தபசுக்குப் பொதிகையில் டிக்கெட் போட்டுவிட்டு ரத்து செய்தேன். அப்பா அப்போதுதான் வாட்ஸப் வீடியோ காலுக்குப் பழகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். நான் போனை மேசையில் ஒரு தினுசாகச் சாய்த்து வைப்பேன். அவருக்கு என் நெற்றியும், அதற்கு மேலே ஓடுகிற ஃபேனும் தெரியும். "சரியாத் தெரியலயேப்பா" என்பார். "கேமரா கொஞ்சம் கோளாறுப்பா" என்பேன். பல வாரம் கேமராவையே அணைத்துவிட்டு நெட்வொர்க்கைக் குறை சொன்னேன்.

2020 பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். ஒன்றரை வருஷமாக அவர் என்னை முழுசாகப் பார்க்கவில்லை.

காரியங்கள் முடிந்து, மார்ச்சில் ஊரடங்கு வந்து, நான் சங்கரன்கோவிலிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கினேன். தறிகள் நின்றிருந்தன. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நீ போனை வச்ச பிறகு உங்கப்பா சிரிப்பாரு. 'பய தடிச்சிட்டான், அதான் நெத்தியை மட்டும் காட்டுதான். மூச்சு வாங்குதது குரல்லயே கேக்கு'ன்னு சொல்லுவாரு."

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

*

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். எடை குறைப்பது எப்படி என்பதை அல்ல, குறைத்தது ஏன் திரும்புகிறது என்பதை. அதுவரை என் மனதில் இருந்தது ஒரு எக்ஸெல் ஷீட். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. தினம் 770 குறைத்தால் பத்து நாளில் ஒரு கிலோ. கூட்டல், கழித்தல். ஐந்தாம் செமஸ்டரில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவன் இப்படி நினைத்ததற்கு வெட்கப்பட வேண்டும். உடம்பு கணக்குப் புத்தகம் இல்லை, அது ஃபீட்பேக் உள்ள அமைப்பு. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் இழுக்கும்.

1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன் இது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், மூளை அதைப் பஞ்சம் என்று வாசிக்கும். நாம் அதைச் சாதனை என்று ஃபேஸ்புக்கில் போடும் அதே நாளில் மூளைக்குள் தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்.

பஞ்சத்தில் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். 24 வாரத்தில் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். தடை நீங்கியதும் சிலரால் எவ்வளவு தின்றும் பசியடங்கவில்லை. உடம்பின் கொழுப்பு பழைய அளவுக்கு வந்தும் நிற்காமல் அதைத் தாண்டிப் போய், பிறகுதான் மெல்ல இறங்கியது. சால்னா மிதந்த என் கணினித் திரையை நினைத்துக்கொண்டேன்.

2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரம் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவில் டிவி போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து, 2016-ல், கெவின் ஹால் குழுவினர் சோதித்தார்கள். 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அதே வருஷம் ஹால் இன்னொரு கணக்கும் போட்டார். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை ஒன்றை எடுத்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. தங்கள் உடம்பிலிருந்து கலோரி போவதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் மன உறுதி, ஆசை என்ற பேச்சுக்கே இடமில்லை. எடை ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளுக்கு 20, 30 கலோரிதான் குறைகிறது, ஆனால் பசி 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று வந்தது. செலவைக் குறைப்பதைவிட வரவைக் கேட்டு நச்சரிப்பதில்தான் உடம்புக்கு ஆர்வம்.

என்னை அதிகம் உலுக்கியது 2008-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் செய்த வேலை. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது உணவு வழியாக எல்லார் உடம்பிலும் ஏறியது. ஒரு செல் பிறந்த காலத்தை அதில் பதிந்த கார்பனை வைத்துச் சொல்லலாம். அப்படி அவர் கொழுப்புச் செல்களுக்கு வயது பார்த்தார். வருஷத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. வளர்ந்த மனிதர்களிடம் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. அறுவைச் சிகிச்சை செய்து ஏராளமாக எடை குறைந்தவர்களுக்கும் எண்ணிக்கை அப்படியே இருந்தது. செல் சுருங்குகிறது, காணாமல் போவதில்லை. 2024-ல் சூரிச்சில் செய்த இன்னொரு ஆய்வு, எடை குறைந்த பிறகும் அந்தச் செல்கள் பழைய பருமனின் தடத்தைத் தங்களுக்குள் வைத்திருப்பதாகக் காட்டியது.

அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனால் இந்தத் துணி சோறு கேட்கும்.

*

இதைப் படித்ததும் பெரிய நிம்மதி வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது. நான் ஒழுக்கங்கெட்டவன் இல்லை என்பது நிம்மதி. இது முடிகிற காரியமே இல்லை என்பது பயம்.

ஐடியில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். நம் ஆபீஸ்களில் டெவலப்மென்ட் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மவுசு. லாஞ்ச் ஆனால் கேக் வெட்டுவார்கள். அதே அப்ளிகேஷனைப் பத்து வருஷம் விழாமல் பார்த்துக்கொள்கிற சப்போர்ட் டீமுக்குக் கேக் கிடையாது. "என்னைத் தூக்கி சப்போர்ட்ல போட்டுட்டாங்கடா" என்று புலம்பாதவர்கள் கிடையாது. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. எதுவும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்? 2017-ல் நான் லாஞ்ச் முடித்துவிட்டு டீமையே கலைத்துவிட்டேன்.

2021 ஜனவரியில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஃபோட்டோ இல்லை, அறிவிப்பு இல்லை. இந்தச் சாப்பாட்டை அறுபது வயதிலும் சாப்பிடுவேனா என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் தட்டில் வைத்தேன். சோறு உண்டு, அளந்து. காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, சட்னி தாராளமாக. மதியம் தட்டில் பாதிக்குக் காய். ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை அடைப்பு. விடியற்காலையில் நாலு ரதவீதியும் நடை. 94-லிருந்து 76-க்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. 71-க்குப் போகட்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அங்க போயி எத்தனை நாள் இருந்தீங்க? 76-ல பத்து வருஷம் இருக்க முடியுமான்னு பாருங்க" என்றார். இந்தியர்களுக்கான பிஎம்ஐ அளவுகோலில் 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன். 76 கிலோவில் எனக்கு 25.4. அதாவது அட்டவணைப்படி நான் இன்னும் குண்டன். அட்டவணையோடு சமாதானமாகிவிட்டேன்.

அமெரிக்காவில் 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருஷமாவது அப்படியே வைத்திருப்பவர்கள் மட்டும் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இவர்கள் தாங்களாக வந்து பெயர் கொடுத்தவர்கள், தோற்றவர்கள் கதை அதில் இருக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அவர்கள் குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. வைத்திருக்கும் வழி கிட்டத்தட்ட ஒன்று: பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், காலை உணவைத் தவிர்ப்பதில்லை, சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். இரண்டு முதல் ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகும் தாக்குப்பிடிக்கிற வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. அந்த ஒரு வரிதான் எனக்குத் தைரியம் தந்தது.

எனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறேன், 78. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினில் ஏறுவேன். அது இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 78-ஐத் தாண்டினால் அந்த வாரமே ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு நடையைக் கூட்டுவேன். மூன்று வருஷத்தில் பதினோரு தடவை தாண்டியிருக்கிறேன். இதை அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். தறியில் பாவு இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அறாத தறியே கிடையாது. அறுந்தவுடன் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டிவிட வேண்டும். கவனிக்காமல் ஒரு முழம் ஓடிவிட்டால் அந்தச் சேலை செகண்ட்ஸ். அப்பா இழை அறுந்ததற்காக யாரையும் திட்டியதில்லை. அறுந்தது தெரிந்தும் ஓட்டினால் திட்டுவார். 79 ஆனபோது நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். 94 வரை ஓட்டினேன்.

கஷ்டம் சாப்பாட்டில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. கல்யாண வீட்டில் இலையை மடித்தால் "என்ன மாப்பிள்ளை, இன்னுமா டயட்?" என்பார்கள். குறைக்கும்போது கிடைத்த அனுதாபம் வைத்திருக்கும்போது கிடைக்காது. "அதான் குறைச்சாச்சே, ஒருநாள்தானே" என்பார்கள். எங்கள் ஊரில் அந்த ஒருநாள் வாரத்துக்கு மூன்று வரும். சுல்தான் பிரியாணியை விட்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள், விடவில்லை. மாதத்தில் ஒரு மதியம், கடையில் உட்கார்ந்து, பார்சல் கிடையாது. 2022 கடைசியில் கல்யாணம் ஆனது. மனைவி முதல் வாரமே, "நீங்க சாப்பிடுறதைப் பாத்தா எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு" என்றாள். அவள் தட்டைப் பற்றி நான் பேசுவதில்லை, என் தட்டைப் பற்றி அவள் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். அம்மாவோடு அப்படி ஒப்பந்தம் போட முடியாது. அவளுக்கு ஊட்டுவதைத் தவிர வேறு பாஷை தெரியாது. அதனால் அவள் வைப்பதை மறுப்பதற்குப் பதிலாகச் சமையலில் பங்குகொண்டேன். சுண்டலுக்கு நானே தாளிக்கிறேன். அதையும் "உப்பு பத்தலை" என்று சொல்லித் தின்கிறாள்.

எனக்கு வசதி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை, முட்டை வாங்கக் காசு, காலையில் ஒரு மணி நேரம். தறியில் நாள் முழுக்க நிற்கிறவரிடம் போய் "ஞாயிறு தோறும் எடை பாருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

*

2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. என் டீமிலேயே இருவர் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் சொன்னார்: "தலைக்குள்ள இருந்த சத்தம் நின்னுடுச்சு." எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நிற்கவில்லை, பழகியிருக்கிறது. ஊசியைக் குறுக்குவழி என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பசி ஒரு ஹார்மோன் விவகாரம் என்றால் அதற்கு மருந்து இருப்பதில் என்ன அவமானம்? ஆனால் செமாகுளுடைடை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து 2022-ல் வெளியான ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியிருந்தது. ஊசியானாலும் பாதாமானாலும் கேள்வி அதேதான்: நிறுத்திய மறுநாள் என்ன செய்யப் போகிறோம்?

எண்ணின் மீது எனக்கிருந்த வெறியைத் தணித்தது நம் ஊர் ஆய்வு ஒன்று. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்டது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறையவில்லை. முள் அசையாமலே உள்ளே வேலை நடந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு, 77.6 காட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

தபசுக்குக் கொடியேறிய நாளிலிருந்து எங்கள் ஊரில் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். என் பெரியம்மா ஒரு கை புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டு, நூற்றியொரு சுற்று வருவாள். "அம்மன் ஒத்தக்கால்ல நின்னு தபசு பண்ணுதா. அவ கால்வலியை நாம கொஞ்சம் வாங்கிக்கிடுதோம்" என்பாள். இந்த வருஷம் அவளோடு நானும் போனேன். முப்பதாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. எழுபது வயதுக்காரி திரும்பிப் பார்த்து, "ஒங்கப்பன் இருந்தா இந்தச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிச்சிருப்பான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் தையல்கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்குக் கண்ணாடி இன்னும் தடித்திருக்கிறது. டேப்பைச் சுற்றினார். நோட்டைப் புரட்டி, 35-க்குக் கீழே மறுபடி 35 என்று எழுதினார். மேலே இருந்த 33-ஐப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நடுவில் ஒரு 39 இருந்தது அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க என்றேன். எந்த வருஷம் என்று கேட்டார். 2019 என்றேன். மறுபேச்சில்லாமல் இரண்டு வரிக்கு நடுவே பொடியாக எழுதிக்கொண்டார்.

"பின் தையல்ல துணி விடவா தம்பி?"

"விடுங்க அண்ணாச்சி. ரெண்டு இஞ்சு."